அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் ஏன் தலையாட்டுகிறோம்?

ஏதாவது ஒரு கொடுமை நடந்த செய்தி வரும், மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினோம் என்று அதைச் செய்தவர்கள் சொல்வார்கள், உடனே கருத்துச் சொல்ல வருபவர்களில் ஒருவர் தவறாமல் அந்த அமெரிக்க ஆராய்ச்சியை இழுப்பார்: "கோட்டு போட்ட ஒருத்தன் சொன்னான்னு 100 பேர்ல 65 பேர் முன்பின் தெரியாத ஆளுக்கு கரண்ட் ஷாக் கொடுத்தாங்க, மனுஷ ஜாதியே இவ்வளவுதான்." அதோடு பேச்சு முடிந்துவிடும். 65 என்ற எண் சரிதான். அதிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவுதான் கோளாறு. அந்த ஆராய்ச்சியைச் செய்த உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரே ஒருமுறை செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. இருபது விதங்களுக்கு மேல் மாற்றி மாற்றிச் செய்தார், 700 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள், அந்த 65 ஒருமுறை 90ஐத் தாண்டியது, இன்னொருமுறை 10க்கு இறங்கியது, ஒருமுறை பூஜ்யமே ஆனது. எல்லோரும் அதே வட்டாரம், அதே மாதிரி மனிதர்கள். எண் மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது? விஷயமே அதில்தான் இருக்கிறது.

## முதலில் ஒரு பேருந்து

கூட்டம் நெரிகிறது. நடத்துநர் விசிலை ஊதி "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறார். முனகிக்கொண்டாவது நகர்கிறோம். அதையே பக்கத்தில் நிற்கும் பயணி சொன்னால் "மொதல்ல நீங்க போங்க சார்" என்போம். அதே நடத்துநர் வேலை முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டு "தள்ளி நில்லுங்க" என்றால் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்போம், அவ்வளவுதான்.

அவர் யாரையும் அடிக்கவில்லை, அபராதமும் போடவில்லை. ஆனாலும் நகர்கிறோம். ஏனென்றால் அந்த வண்டிக்குள் அப்படிச் சொல்வது அவர் வேலை என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த ஒப்புதல் வண்டியின் படிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு, பலர் இதை மறந்துவிடுவார்கள்: வண்டி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பது நம் விருப்பமும்கூட.

இப்படி ஒரு பதவிக்கும் இடத்துக்கும் உரியது என்று மற்றவர்கள் மனதார ஒப்புக்கொண்ட அதிகாரத்தை ஏற்கப்பட்ட அதிகாரம் என்று சொல்லலாம். அந்த அதிகாரம் உள்ளவர் சொல்வதைச் செய்வது கீழ்ப்படிதல். பக்கத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் செய்வதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே நாமும் அப்படிச் செய்வது ஒத்துப்போதல். இரண்டும் வேறு வேறு, ஆனால் நிஜ வாழ்க்கையில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும். ஆளின் பிறவிக் குணத்தைவிட, சுற்றியிருப்பவர்களும் சூழ்நிலையும் அவர் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கும் துறைக்குப் பெயர்தான் சமூக உளவியல்.

## 1961, நியூ ஹேவன்

ஸ்டான்லி மில்கிராம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் 1933இல் பிறந்தவர். 1961இல், முப்பது வயதுகூட ஆகாதபோது, நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை தொடங்கியிருந்தது. லட்சக்கணக்கான யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குபடுத்திய நாஜி அதிகாரி அவர். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பதே அவருடைய வாதமாக இருந்தது.

மில்கிராம் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்: நினைவாற்றல் பற்றிய ஆய்வு, 4 டாலர் சம்பளம், வண்டிச் செலவுக்கு 50 சென்ட். வந்தவர்கள் தபால் நிலைய ஊழியர்கள், விற்பனையாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள், கூலித் தொழிலாளர்கள். உள்ளே சாம்பல் நிறக் கோட்டுடன் ஓர் ஆய்வாளர், கூடவே இன்னொரு 'விண்ணப்பதாரர்'. அந்த இன்னொருவர் ஏற்பாட்டு ஆள். சீட்டுக் குலுக்கினார்கள், அதிலும் தில்லுமுல்லு, வந்தவருக்கு எப்போதும் 'ஆசிரியர்' வேலைதான் விழும். ஏற்பாட்டு ஆள் 'மாணவர்'. அவரை அடுத்த அறையில் நாற்காலியில் வாரால் கட்டினார்கள். மாணவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் ஒரு சுவிட்சை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு படி கூட்ட வேண்டும். மொத்தம் 30 சுவிட்சுகள், 15 வோல்ட்டில் ஆரம்பித்து 15, 15 ஆக 450 வரை. மேல்படிகளில் 'ஆபத்து' என்று எழுதியிருந்தது. உண்மையில் மாணவருக்கு எந்த அதிர்ச்சியும் போகவில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஆசிரியருக்கு மட்டும் 45 வோல்ட் நிஜமாகவே கொடுத்துக் காட்டினார்கள், நம்ப வேண்டுமே.

ஆசிரியர் தயங்கினால் ஆய்வாளர் சொல்ல நான்கே வாக்கியங்கள்தான் வரிசையாக வைத்திருந்தார்கள். முதலில் "தயவுசெய்து தொடருங்கள்". அப்புறம் "நீங்கள் தொடர்வது இந்தப் பரிசோதனைக்குத் தேவை". அதற்கும் அசையாவிட்டால் "நீங்கள் தொடர்வது மிகமிக அவசியம்". கடைசியாக "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்". இந்த நான்காவது வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் 450 வரை போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் கேட்டபோது ஆயிரத்தில் ஒருவர் என்றார்கள். 1963இல் வெளியான முதல் முடிவில் 40 ஆண்களில் 26 பேர் கடைசிச் சுவிட்சு வரை போனார்கள். அதுதான் அந்த 65 சதவீதம்.

ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வியர்த்து ஊற்றியது. வாய் குழறியது. உதட்டைக் கடித்தார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது. "போதும் சார், அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது" என்ற மாதிரி ஆய்வாளரிடம் வாதாடிக்கொண்டே அடுத்த சுவிட்சை அழுத்தியவர்கள் உண்டு. கல்நெஞ்சக்காரனுக்கு இந்தப் பாடு எதற்கு?

## எண் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது

மில்கிராமின் உண்மையான சாதனை இந்தப் பகுதிதான் என்பேன். முதல் 65ஐவிட இது பத்து மடங்கு சுவாரசியம், ஆனால் இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மாணவரை அடுத்த அறையில் வைக்காமல் ஆசிரியர் இருக்கும் அறையிலேயே உட்கார வைத்தார்: 40 சதவீதம். ஆசிரியரே மாணவரின் கையைப் பிடித்து மின்தகட்டில் அழுத்த வேண்டும் என்று வைத்தார்: 30. பாதிக்கப்படுபவர் நெருங்க நெருங்கக் கீழ்ப்படிதல் குறைகிறது.

ஆய்வாளரை நகர்த்தினாலும் அப்படித்தான். அவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவு போட்டபோது 20 சொச்சம்தான். அதிலும் சிலர் "கூட்டிவிட்டேன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு அடியிலிருக்கும் சுவிட்சையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை, அந்த ஆளை வதைக்கவும் மனமில்லை, ஆகவே பொய். எனக்கு இந்த ஆட்கள்மேல் தனிப் பிரியம் உண்டு.

யேலின் பெருமைதான் காரணமோ என்று பார்க்க, பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு சுமாரான அலுவலகக் கட்டடத்தில், யேலின் பெயரே இல்லாமல் நடத்தினார். 48 சதவீதம். பெரிய பெயர் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் அது இல்லாமலும் ஏறக்குறையப் பாதிப்பேர் செய்தார்கள். ஆய்வாளருக்குப் பதில் சாதாரண ஆள் ஒருவர் "அதிகப்படுத்திக்கொண்டே போகலாம்" என்று சொன்னபோது 20க்கு இறங்கியது. பேருந்தில் சக பயணி சொல்வது போலத்தான்.

இரண்டு ஆய்வாளர்களை வைத்து, ஒருவர் "தொடருங்கள்", மற்றவர் "நிறுத்துங்கள்" என்று சொல்ல வைத்தபோது கடைசிவரை போனவர் ஒருவர்கூட இல்லை. வதைக்கும் வெறிதான் உள்ளே இருந்தது என்றால், தொடரச் சொன்னவரின் பேச்சைச் சாக்காக வைத்துக்கொண்டு போயிருக்கலாமே? போகவில்லை. எவ்வளவு அதிர்ச்சி கொடுப்பது என்பதை ஆசிரியரின் விருப்பத்துக்கே விட்டபோதும் 40 பேரில் ஒரே ஒருவர்தான் 450 வரை போனார். ஆளுக்குள் ஒரு மிருகம் ஒளிந்திருக்கிறது, உத்தரவு அதை அவிழ்த்துவிடுகிறது என்ற கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

கடைசியாக இரண்டு. ஆசிரியரோடு இன்னும் இரண்டு 'ஆசிரியர்களை' (அவர்களும் ஏற்பாட்டு ஆட்கள்) உட்கார வைத்து, நடுவில் அவர்கள் ஒவ்வொருவராக "இனி மாட்டேன்" என்று எழுந்துவிடச் செய்தபோது, கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர். சுவிட்சு அழுத்தும் வேலையை வேறொருவர் செய்ய, இவர் கேள்வி வாசிப்பது போன்ற பக்க வேலை மட்டும் செய்தபோது, கடைசிவரை உடனிருந்தவர்கள் 40இல் 37 பேர்!

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பாதிக்கப்படுபவர் தூரத்தில், உத்தரவு போடுபவர் பக்கத்தில், தனியாக மாட்டிக்கொண்டவர் நாம், நம் பங்கு சின்னது. இந்த நான்கும் கூடும்போது எண் ஏறுகிறது. ஒன்றைக் கலைத்தாலே இறங்க ஆரம்பிக்கிறது.

## உள்ளே என்னதான் ஓடுகிறது

முதலாவது, அந்த 15 வோல்ட் படிகள். நேராக 450ஐ அழுத்து என்றால் அநேகமாக எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். 15 அழுத்தியவர் 30 அழுத்த மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? 195 அழுத்தியவர் 210இல் நிறுத்தினால், 195ஐ ஏன் அழுத்தினேன் என்று தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும். நிறுத்துவது என்பது இதுவரை செய்ததைத் தப்பு என்று ஒப்புக்கொள்வது, அதைவிட இன்னொரு படி ஏறுவது சுலபம். மாணவரின் குரல் கேட்கும்படி நடத்தியவற்றில் 150 வோல்ட்டில் அவர் முதன்முறையாக "என்னை விட்டுவிடுங்கள்" என்று கத்துவார். மறுத்தவர்களில் நிறையப் பேர் மறுத்தது அந்த இடத்தில்தான். அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானவர்கள் கடைசிவரை போய்விட்டார்கள். அந்த ஒலிப்பதிவுகளைப் பிற்காலத்தில் கேட்டு ஆராய்ந்தவர்கள், சீக்கிரமாகவே எதிர்ப்புக் காட்டத் தொடங்கியவர்கள்தான் அதிகமாக வெளியேறினார்கள் என்று கண்டார்கள்.

இரண்டாவது, பொறுப்பு கைமாறுவது. "ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியர் கேட்பார், "நான் பொறுப்பு" என்று ஆய்வாளர் சொல்வார், இவர் தொடர்வார். தன்னைச் செயலின் சொந்தக்காரனாக உணராமல், இன்னொருவருடைய விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாக உணர்வதை மில்கிராம் முகவர் நிலை என்று அழைத்தார். 1974இல் அவர் எழுதிய நூலின் மைய விளக்கமே இதுதான்.

இது பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது, எனக்கு மட்டுமல்ல, இன்றைய ஆய்வாளர்கள் பலருக்கும். ஆள் முழுசாக முகவராக மாறிவிட்டார் என்றால் இவ்வளவு வியர்வை எதற்கு, வாதம் எதற்கு? அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீபன் ரைக்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வேறு பக்கமிருந்து வருகிறார்கள். அந்த நான்காவது வாக்கியத்துக்குத் திரும்பி வருவோம். "உங்களுக்கு வேறு வழியில்லை" என்பது ஒன்றுதான் நான்கில் அப்பட்டமான உத்தரவு. மனிதன் உத்தரவுக்கு அடிமை என்றால் அதுதான் அதிகம் வேலை செய்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பரிசோதனைக்குத் தேவை என்ற வாக்கியம் ஆட்களை நகர்த்தியது, உத்தரவு அவர்களை எழுப்பி விட்டது. ஜெர்ரி பர்கர் இதே ஆராய்ச்சியை மறுபடி செய்து 2009இல் வெளியிட்டார். அதில் நான்காவது வாக்கியத்தைக் கேட்ட பிறகு தொடர்ந்தவர் ஒருவரும் இல்லை. மில்கிராமிடம் வந்த ஒரு பொறியாளர், நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர், வேறு வழியில்லை என்று கேட்டதும், எனக்கு வழி இருக்கிறதே, நானாகத்தானே இங்கே வந்தேன் என்கிற ரீதியில் பதில் சொல்லி 255 வோல்ட்டோடு கையை எடுத்துவிட்டார்.

ஆக ஹாஸ்லமும் ரைக்கரும் சொல்வது: அவர்கள் மிரட்டலுக்குப் பணிந்தவர்கள் இல்லை. அறிவியலுக்கு உதவுகிறோம், இது நல்ல காரியம், இதை நடத்துபவர் தெரிந்துதான் நடத்துவார் என்று நம்பி, அந்த நோக்கத்தோடு தங்களைச் சேர்த்துக்கொண்டவர்கள். இதை ஈடுபாட்டோடு பின்பற்றல் என்கிறார்கள். வண்டி சீக்கிரம் கிளம்பட்டும் என்று நாமே நகர்ந்தோமே, அந்தக் காரணம்தான் இது. கொஞ்சம் பயமுறுத்தும் விளக்கமும்கூட. மிரட்டினால் நமக்கு ரோஷம் வரும். நல்ல காரியம் என்று நம்ப வைத்தால் ரோஷம் எங்கிருந்து வரும்?

சுருக்கமாக, சின்னச் சின்னப் படிகள் நம்மைக் கட்டிப்போடுகின்றன, பொறுப்பு வேறு ஆளிடம் இருப்பதாகத் தோன்றுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நோக்கம் நல்லது என்ற நம்பிக்கை நம்மை உள்ளே வைத்திருக்கிறது.

## இந்த ஆராய்ச்சியை நம்பலாமா

குறைகள் இருக்கின்றன. வந்தவர்களை ஏமாற்றி இவ்வளவு மன உளைச்சலுக்கு ஆளாக்கியது நியாயமா என்று டயானா பாம்ரிண்ட் 1964இலேயே கேட்டார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜினா பெர்ரி யேல் ஆவணக் காப்பகத்தில் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்து, ஆய்வாளர் பல இடங்களில் நான்கு வாக்கியத்தோடு நிற்காமல் வற்புறுத்தியிருக்கிறார் என்றும், கலந்துகொண்டவர்களில் சிலர் ஷாக் பொய்யாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள் என்றும் எழுதினார். ஆகவே 65 என்ற எண்ணைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஆனால் எல்லாமே நாடகம் என்று தூக்கிப்போடவும் முடியாது. பர்கர் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு செய்து பார்த்ததில் 70 சதவீதம் பேர் அதற்கு மேலும் போகத் தயாராக இருந்தார்கள்.

நடுவே ஒன்று: கைதி, காவலர் என்று மாணவர்களைப் பிரித்து 1971இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிறை ஆராய்ச்சி வேறு, அது ஃபிலிப் ஸிம்பார்டோவுடையது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுபவர்கள் ஏராளம். இருவரும் பிராங்ஸில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் என்பது மட்டும்தான் நிஜத் தொடர்பு.

## ஆய்வகத்துக்கு வெளியே

1966இல் வெளியான ஓர் ஆய்வில், சார்லஸ் ஹாஃப்லிங் குழுவினர் மருத்துவமனை வார்டில் இருந்த செவிலியர்களுக்கு, அவர்கள் பார்த்தே இராத ஒரு 'டாக்டர்' பெயரில் ஃபோன் செய்து, பெட்டியில் எழுதியிருந்த உச்ச அளவைப்போல இரண்டு மடங்கு மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள். 22 பேரில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். கடைசி நேரத்தில் தடுத்தார்கள், மருந்தும் வெறும் போலிதான். இதோடு நிறுத்தினால் செவிலியர்களுக்குப் பெரிய அநியாயம். 1977இல் வேறு இருவர், பெயர் தெரியாத மருந்துக்குப் பதில் செவிலியர்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்தை வைத்து, சக ஊழியர்களிடம் கேட்டுக்கொள்ளவும் வழிவிட்டுச் செய்தார்கள். 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். விஷயம் தெரிந்திருப்பதும், கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதும் அவ்வளவு பெரிய வித்தியாசம்.

விமானத்தில் இதே கதைக்கு விலை அதிகம். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, மூடுபனி. கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் ஜம்போ விமானத்துக்குக் கேப்டனாக இருந்தவர் அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சி விமானி. கோபுரத்தின் தெளிவான அனுமதி இல்லாமலே வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் நிறுவன விமானம் இன்னும் விலகவில்லையா என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டனிடமிருந்து அழுத்தமாகப் பதில் வந்தது. பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. சில விநாடிகளில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனியும் வானொலிக் குழப்பமும் சேர்ந்த விபத்துதான் அது, ஆனால் அந்த அரைகுறைக் கேள்வியை யாராலும் மறக்க முடியவில்லை. இது போன்ற விபத்துகளுக்குப் பிறகு வந்ததுதான் சி.ஆர்.எம். (விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் சேர்ந்து இயங்கப் பழக்கும் முறை) என்ற பயிற்சி: இளையவர் சந்தேகத்தைக் கேள்வியாக மென்று விழுங்காமல் நேராகச் சொல்லவும், கேப்டன் அதைக் கேட்டு வாங்கவும் பழக்குகிறார்கள். ஆளின் குணத்தை மாற்றப் பார்க்கவில்லை, அறையின் பழக்கத்தை மாற்றினார்கள்.

## டிஜிட்டல் அரெஸ்ட்

நம் ஊரில் இதை ஆராய்ச்சியே படிக்காமல் கரைத்துக் குடித்தவர்கள் மோசடிக்காரர்கள். போலீஸ் அதிகாரி போல ஃபோனில் வந்து, உங்களை 'கைது' செய்திருக்கிறோம் என்று சொல்லிப் பணம் பறிப்பதைத்தான் டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் என்று நன்றாகப் படித்தவர்கள் கோடிக்கணக்கில் இழந்த செய்தியைப் பார்த்து "இவ்வளவு படிச்சும் ஏமாந்தாரே" என்று சிரிக்கிறோம். மேலே பார்த்தவற்றை வைத்து அந்த அழைப்பைப் பாருங்கள்.

தொலைபேசி உத்தரவு பலவீனம், மில்கிராமிடமே 20 சொச்சம்தான். ஆகவே வீடியோ அழைப்புக்கு மாற்றுகிறார்கள், காக்கிச் சட்டை, பின்னால் காவல் நிலையம் போன்ற செட், கையில் முத்திரை குத்திய நோட்டீஸ். அதிகாரி பக்கத்தில் வந்துவிட்டார். எடுத்ததும் பணம் கேட்பதில்லை. உங்கள் பெயரில் ஒரு பார்சல், அதில் போதைப் பொருள், அப்புறம் ஆதார் எண்ணைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் மேலதிகாரியோடு பேச வேண்டும், அப்புறம் வங்கிக் கணக்கு விவரம், அப்புறம்தான் 'சோதனைக்காக' பணத்தை அனுப்புங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருவோம். 15 வோல்ட் படிகள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, இது ரகசிய விசாரணை. எழுந்து போகக்கூடிய அந்த இரண்டு சக ஆசிரியர்களை அறையிலிருந்து முதலிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். மிரட்டலோடு கூடவே, நீங்கள் நிரபராதி என்று எனக்குத் தெரியும், ஒத்துழைத்தால் நானே உங்களை வெளியே கொண்டுவருகிறேன் என்று ஒருவர் கனிவாகவும் பேசுவார். பாதிக்கப்பட்டவர் சட்டத்துக்கு உதவுகிற நல்ல குடிமகனாகத் தன்னை நினைத்துக்கொண்டேதான் பணத்தை அனுப்புகிறார்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது, எந்த விசாரணை அமைப்பும் வீடியோ அழைப்பில் கைது செய்து பணம் கேட்காது. அப்படி ஒரு அழைப்பு வந்தால் அந்த ஆளோடு சட்டம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், வாதாடிக்கொண்டே சுவிட்சை அழுத்தியவர்களை மேலே பார்த்தோம். அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் யாரிடமாவது, யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடமாவது, நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, அந்தப் பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு.